பழிக்கு நட்ட களாச்செடி

களாச்செடியை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. மலையடிவாரத்துக் கரம்பில் தானாக முளைத்து, தானாகக் காய்த்து, ஆடு கடித்தது போக மிச்சம் நிற்கிற செடி அது. நான் அதை நட்டேன். சங்கரன்கோவிலில், என் மாமியார் வீட்டுப் பின்கட்டில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் குழி தோண்டி நட்டு, சாணி போட்டு, தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். பூவுக்கு இல்லை, பழத்துக்கும் இல்லை. என் மாமியாரைப் பழிவாங்க நட்டேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

எழுதும்போது 'மாமியார் சொன்னார்' என்று மரியாதையாக எழுதலாமே என்று என் மகள் சொல்கிறாள். முயன்று பார்த்தேன், கை வரவில்லை. சொன்னாள் என்றுதான் எழுதப் போகிறேன்.

நான் பிறந்தது ராயகிரி. ஊரைத் தாண்டி மேற்கே நடந்தால் வயல் முடிந்து கரம்பு வரும், கரம்பு முடிகிற இடத்தில் மலை ஏறும். அந்தக் கரம்பு முழுக்கக் களாப் புதர்தான். ஆளுயரம் நிற்கும். கவை கவையாகப் பிரிந்த முள், கை வைத்தால் ரத்தம் பார்க்காமல் விடாது. பூ வெள்ளையாக மல்லிகை மாதிரி இருக்கும், வாசனையும் உண்டு. காயைக் கிள்ளினால் பால் வடியும். பச்சைக் காயின் புளிப்பைச் சொல்ல வாயில்லை. இப்போது எழுதும்போதே எனக்குத் தாடை கூசுகிறது. பழுத்தால் கறுத்துப்போய் இனிக்கும், தின்றவர்கள் நாக்கும் உதடும் சிவந்து, களாப்பழம் தின்ற கள்ளம் ஊருக்கே தெரிந்துபோகும். அம்மா வருஷா வருஷம் அந்தப் பச்சைக் காயில் ஊறுகாய் போடுவாள். அது இல்லாமல் எங்கள் வீட்டில் கஞ்சி இறங்காது.

எமர்ஜென்சி வந்த சமயம் எனக்கு மூத்தவன் வயிற்றில் இருந்தான். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. வீட்டுக்காரருக்கு ஒரு நூல் கடையில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் அம்மா இருக்கிற இடத்தில் வாயை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வருவார். மாமனார் இல்லை. வீட்டில் என் மாமியார் வைத்ததுதான் சட்டம், அந்தச் சட்டம் முழுக்கச் சாத்திரம். பிள்ளைத்தாச்சி மாட்டுக் கயிற்றைத் தாண்டக் கூடாது. வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கும்போது பச்சை மரம் செடி எதையும் வெட்டக் கூடாது. ஒருநாள் வீட்டுக்காரர் முருங்கைக் கொப்பு ஓட்டில் உரசுகிறதென்று அரிவாளை எடுத்தார். பாய்ந்து வந்து பிடுங்கினாள். "ஏலே, கூறு கெட்டவனே! பொண்டாட்டி முழுகாம இருக்கா, நீ பச்சையில கை வைக்கியே! பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அந்த மழைக்காலம் முழுக்க ஓடு ஒழுகியது. கொப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

எனக்கு மசக்கை மோசமாக வந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டல், குழம்பு கொதிக்கிற வாசனைக்கு ஓட்டம். ராத்திரி பகலாக ஒன்றே ஒன்றுதான் நாக்கில் நின்றது, அம்மா போடுகிற களாக்காய் ஊறுகாய். ஊருக்குப் போகிற ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே அம்மா வந்துவிட்டாள். முதல் பஸ்ஸைப் பிடித்து, புளியங்குடியில் மாறி, மடியில் பீங்கான் ஜாடியை வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் வாசலில் வந்து நின்றாள்.

"இது என்னது?" என்று கேட்டாள் என் மாமியார்.

"களாக்காய் மதினி. பிள்ள ஆசைப்பட்டாளாம், சொல்லி விட்டிருந்தா."

"காட்டுல ஆடு மேய்க்கவளுவ பொறுக்கித் திங்கதைக் கொண்டாந்து எங்க வீட்டுப் பிள்ளத்தாச்சிக்குக் குடுப்பீங்களோ? பால் வடியுத காயி. முள்ளுச்செடிக் காயி. அவ வயித்துல கெடக்கது எங்க வீட்டு வாரிசு, தெரியும்லா?"

"நானும் நாலு பெத்தவதான் மதினி. நாலுக்கும் இதைத் தின்னுட்டுத்தான் பெத்தேன்."

"அதான் நாலையும் பாக்கமே" என்றாள். ஜாடியை அம்மா கையிலிருந்து வாங்கினாள். நான் என்னிடம் தரத்தான் வாங்குகிறாள் என்று கை நீட்டினேன். நேராகப் பின்கட்டுக்குப் போய் எருமையின் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்தாள். கையால் வழித்து வழித்துக் கொட்டினாள். எருமைக்கு உப்பென்றால் உயிர். மூக்கைத் தொட்டிக்குள் விட்டு உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது. நான் வாயில் எச்சில் ஊற நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சண்டை போடவில்லை. ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடி என்று யாரும் சொல்லவில்லை. தெருமுனை வரை நான் கூடப் போனேன். "மக்கா, நீ ஒடம்பைப் பாத்துக்கோ. நான் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்றாள். அழுகிற குரலில் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சொன்னபடியே செய்தாள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு என்னை அழைத்துப் போக அண்ணனும் மதினியும்தான் வீட்டுக்குள் வந்தார்கள். அம்மா பஸ் ஸ்டாண்டில் நின்றாள். பெற்ற மகளின் வளைகாப்புக்குப் பெற்றவள் பஸ் ஸ்டாண்டில்! ஊரில் போய் இறங்கியதும் தட்டு நிறையக் களாக்காய் ஊறுகாய் வைத்தாள். தின்றேன். மசக்கை போய் மாதக்கணக்காகியிருந்தது. அது வெறும் ஊறுகாயாக இருந்தது, நான் கேட்ட பண்டமாக இல்லை.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். அதற்குப் பிறகும் அம்மா ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருவாள், கோயிலில் கும்பிடுவாள், எங்கள் தெருப் பக்கம் திரும்ப மாட்டாள். நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவேன். பேரனைக் கோயில் வாசலில் பார்க்கிற தலையெழுத்து அவளுக்கு.

பையனுக்கு ஒரு வயது முடிவதற்குள் இடது காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள். தாய் வயிற்றில் வைத்துக்கொண்டு ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் போனால் பிள்ளைக்குக் காது வடியும். கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டர் வேறு என்னவோ சொன்னார், சொட்டுமருந்து கொடுத்தார். நான் மருந்தையும் ஊற்றினேன். ஆனால் டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. எருமை உறிஞ்சிய சத்தம்தான் ஏறியது. இன்றைக்கும் யாராவது இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்கு வகுப்பு எடுத்தால், நல்லது, போய் வேலையைப் பாருங்கள் என்பேன்.

அதோடு போயிருந்தால்கூட மனசுக்குள் திட்டிவிட்டு இருந்திருப்பேன். ஒருநாள் தெருக் குழாயடியில் குடத்தோடு நிற்கிறேன். என் மாமியார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெண்டுகளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"பேரனுக்குக் காது ஏன் இப்படி வடியுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என்னத்தைச் சொல்ல? புள்ள ஆசைப்பட்டதைப் பெத்தவ ஆக்கிக் குடுக்கணும்லா? அவ அம்மை வந்து எட்டிக்கூடப் பாக்கல. அந்தப் பாவம் எம் பேரன் காதுல வடியுது."

குடத்தை அவள் மண்டையில் போட்டிருப்பேன், இடுப்பில் பிள்ளை இருந்தான். அன்றைக்கு அந்தக் குழாயடியில் நின்றே முடிவு செய்தேன். கொட்டியது யார் என்று இதே தெருப் பெண்டுகள் கேட்க இவள் வாயால் சொல்ல வேண்டும். இவள் போய்க் கூப்பிட்டு என் அம்மா அந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வர வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் நான் சாக மாட்டேன், இவளையும் சாக விடமாட்டேன்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கரம்பில் ஒரு சின்னக் களாச்செடியை வேர் மண்ணோடு பெயர்த்து, பழைய துணியில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். எருமைத் தொட்டிக்குப் பக்கத்தில் நட்டேன். அவள் காலையில் எழுந்து முதலில் போகிற இடம் அது. பார்க்க வேண்டும், தினமும் பார்க்க வேண்டும்.

"என்ன செடிட்டி இது?"

"பூச்செடி அத்தை. வெள்ளையாப் பூக்கும், வாசமா இருக்கும்." பொய் இல்லையே.

பூ வருவதற்கு வருஷங்கள் ஆகும், முள் உடனே வந்துவிடும். கொஞ்ச நாளில் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தவள் கையில் பால் ஒட்டியது. "ஏட்டி! முள்ளும் பாலும்! இது களால்லா? வீட்டுல வைக்கலாமா இதை? குடும்பம் வெளங்குமா?" என்று அரிவாளைத் தேடிப் போனாள். நான் அவசரப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"வெட்டுங்க அத்தை. ஆனா நான் முழுகாம இருக்கேன். ஒங்ககிட்ட இன்னைக்குத்தான் சொல்லணும்னு இருந்தேன்."

அரிவாள் கையிலேயே நின்றது. அவள் முகத்தில் சந்தோஷமும் எரிச்சலும் முட்டி மோதியதை நான் பார்த்தேன். எந்தத் தாய்க்கும் தன் கர்ப்பத்தைச் சொல்வதில் ஒரு பூரிப்பு இருக்கும். என் பூரிப்பு வேறு வகை. அரிவாள் திரும்பி ஓட்டுக்கு அடியில் எரவாணத்துக்குப் போனது. என் மகள் வயிற்றில் இருந்த காலம் முழுக்கச் செடி நிம்மதியாக வளர்ந்தது. இந்தத் தடவை நானே ஊருக்குப் போய் ஊறுகாய் வாங்கி, பெட்டியில் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்துத் தின்றேன். மகளுக்குக் காது இரண்டும் கிண்ணென்று இருக்கிறது. பாருங்கள்.

பிரசவம் முடிந்து நான் திரும்பி வந்ததும் அவள் மறுபடி அரிவாளை எடுத்தாள். அன்றைக்கு எருமை சினையாக இருந்தது. "சினை மாடு நிக்க வீட்டுலயும் பச்சையை வெட்டக் கூடாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க" என்றேன். எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. நான் அந்த நிமிஷம் உண்டாக்கிய சாத்திரம் அது.

"அப்படியா சொல்லுதாங்க?" என்றாள்.

"ஆமா. வெட்டினா பால் வத்திப்போகுமாம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையும் எருமையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் வெட்டவும் துணிச்சலில்லை. "ஒங்க ஊரும் ஒங்க சாத்திரமும்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "நீ சும்மா இருக்க மாட்டியா?" என்று கேட்டார். "நான் சும்மா இருந்தப்ப நீங்க என்னத்தைக் கிழிச்சீங்க?" என்றேன். மோரை ஊற்றிக்கொண்டார்.

இந்தப் போக்கில் வருஷக்கணக்காக ஏதோ ஒரு வயிறு வந்து அந்தச் செடியைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், எருமை ஈன்று தீட்டுக் கழிந்ததும், "இனி எவ வயித்தைக் காட்டுவே?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, வெட்டுவதற்கு ஆளே கூப்பிட்டுவிட்டாள். ஆள் வந்து புதரைச் சுற்றிப் பார்த்து எங்கே கை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். வாசலில் புளியங்குடி மருமகன் வந்து நின்றார்.

இவரைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கையைப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டில் கொடுத்திருந்தது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. என் மாமியார் மகளுக்காகக் கோயிலில் ஆடிச்சுற்று சுற்றினாள், புற்றுமண் தின்னக் கொடுத்தாள், கும்பிடாத சாமி இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். உடனே குழாயடியை நினைத்துக்கொள்வேன், பாவம் போய்விடும்.

மருமகன் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை இறக்கி வைத்துவிட்டு, வெட்கத்தோடு, "அத்தை, ஒங்க மக முழுகாம இருக்கா. டாக்டரம்மா பாத்துச் சொல்லிட்டாங்க. இங்கனயே கொஞ்ச நாள் இருக்கட்டும்னு அனுப்பலாம்னு இருக்கோம்" என்றார். என் மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே திடீரென்று எழுந்து பின்கட்டுக்கு ஓடினாள். "ஏலே, தொடாதே! தொடாதே! எலையைக் கூடத் தொடாதே!" என்று ஆளை விரட்டினாள். நான் அடுப்படிக்குள் போய் வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. என் காலம் வந்துவிட்டது.

நாத்தனார் வந்தாள். அவளுக்கும் எனக்கும் பகை ஒன்றும் இல்லை, வாயில்லாப் பூச்சி. அவள் வந்த சமயம் செடி காய்த்துக் கிடந்தது. கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய், வெயில் படுகிற பக்கம் லேசாகச் சிவந்து. பின்கட்டில் போய் நின்று அதையே பார்த்தாள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வை நான் பார்த்த பார்வைதான்.

"அம்மா, எனக்கு அந்தக் காயில ஊறுகாய் போட்டுக் குடு" என்றாள். மகள் கேட்டதும் என் மாமியாருக்கு நான் பார்க்க முகம் செத்துப்போனது. காட்டுக்காய், முள்ளுக்காய், பால்காய் எல்லாம் அன்றைக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஏட்டி, அதைப் போட்டுக் குடு" என்றாள் என்னிடம்.

"எனக்குத் தெரியாது அத்தை."

"ஒங்கம்மை போடுவாளே, நீ பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன். பாத்தா வந்துருமா? அவ பக்குவம் எனக்கு வராது." எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரியும். காயை அம்மியில் வைத்து லேசாகத் தட்டி உப்புத் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிப் பால் முழுக்க இறங்க விட வேண்டும். அதற்குப் பிறகுதான் மிளகாய், மஞ்சள், வெயில் எல்லாம். பால் இறங்காவிட்டால் தின்ன முடியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவளே போட்டாள். மாங்காய் நறுக்கிப் போடுகிற மாதிரி பாலோடு நறுக்கி, தாராளமாக நல்லெண்ணெய் விட்டுத் தாளித்தாள். நாத்தனார் ஆசையாக ஒரு துண்டை வாயில் வைத்தாள். உதட்டோடு உதடு பிசின் மாதிரி ஒட்டியது. ஓடிப்போய் வாந்தி எடுத்தாள், அன்று முழுக்க எடுத்தாள். சாயங்காலம் சுருண்டு படுத்துக்கொண்டு, "மதினி அம்மா போடுதது வேணும்" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். என் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் கண் அங்கே விளையாடிக்கொண்டிருந்த என் மகனிடம் போனது. அவனுடைய இடது காதில் வைத்திருந்த பஞ்சிடம் போனது. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"நீ போய் ஒங்கம்மைகிட்ட வாங்கிட்டு வா" என்றாள்.

"நான் போனா எனக்குன்னு தருவா. ஒங்க மகளுக்குன்னா கேக்க வேண்டிய ஆளு போய்க் கேக்கணும்."

"ஏட்டி, பிள்ளத்தாச்சி விசயம். இதுல வந்து பழையதைக் கெளறுதியே."

"அன்னைக்கு நானும் பிள்ளத்தாச்சிதான் அத்தை."

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டார். ராத்திரி முழுக்க அவள் புரண்டுகொண்டிருந்தாள். விடிந்ததும் குளித்து, பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றாள்.

அந்த பஸ் பயணத்தை நான் இன்றைக்கும் சப்புக்கொட்டி நினைத்துக்கொள்வேன். மகனையும் கூட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போனால் போகிறது, அவன் இல்லாமல் எப்படி? புளியங்குடியில் அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றோம். என் மாமியார் பழம், பூ, வெற்றிலை எல்லாம் வாங்கிக்கொண்டாள். அம்மா மடியில் ஜாடியோடு இதே இடத்தில்தான் நின்றிருப்பாள். நில்லு, நீயும் நில்லு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மா வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வாங்க மதினி" என்றாள். உள்ளே கூட்டிப்போய்ப் பாய் விரித்து, முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் மாமியார் அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க முடியாமல் இருந்தாள். பிறகு குடித்தாள்.

"எம் மக முழுகாம இருக்கா மதினி. பல வருசம் கழிச்சு. களாக்காய் ஊறுகாய் கேக்கா. நீங்க போடுதது."

நான் தூணில் சாய்ந்து வசதியாக நின்றேன். இப்போது அம்மா கேட்பாள், கேட்கிற கேள்வியில் இவள் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவாள் என்று காத்திருந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு ஜாடி நிறைய ஊறுகாயைக் கொண்டுவந்து வைத்தாள். வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் சிந்தாமலிருக்க இன்னொரு சுற்றுச் சுற்றினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அட, இதற்கா இத்தனை வருஷம் நான் முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்? என்னைப் பெற்றவளா இவள்?

என் மகன் கூடத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அம்மா அவனுக்கு இடது பக்கமாகப் போய் நின்று, "ராசா" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டாள், திரும்பிச் சிரித்தான். அவன் தலையைத் தடவிவிட்டு என் மாமியாரிடம் வந்தாள்.

"ஒங்க மக நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும் மதினி. பிள்ளை பொறந்து கொஞ்சம் தெளிஞ்சதும் சொல்லி விடுங்க. நான் வந்து காது ரெண்டும் கேக்குதான்னு பாக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் என் மாமியார் பதில் சொல்லியிருப்பாள், சண்டையில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. "வாங்க மதினி. கண்டிப்பா வாங்க. நானே வந்து கூப்பிடுதேன்" என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் ஜாடியை மடியில் இறுக்கிக்கொண்டு சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் என் அம்மாவை மனசுக்குள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

நாத்தனார் அந்த ஜாடியைக் காலி செய்தாள். பெண்பிள்ளை பிறந்தது. ஐந்தாம் மாதம் பிள்ளையைப் புளியங்குடிக்குக் கூட்டிப்போக நாள் பார்த்தார்கள். என் மாமியார் சொன்னபடி ராயகிரிக்குத் தானே போய் அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த நாளில் என் அம்மா எங்கள் வீட்டு வாசல் வழியாக உள்ளே வந்தாள். வாசலில் கால் வைக்கும்போது ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வைத்தாள்.

வீடு நிறையத் தெருப் பெண்டுகள். குழாயடிக் கூட்டம் மொத்தமும் வந்திருந்தது. அம்மா பிள்ளைக்கென்று ஒரு மரக் கிலுகிலுப்பை வாங்கி வந்திருந்தாள். பிள்ளையை மடியில் வைத்து, இடது பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் கிலுக்கினாள். பிள்ளை திரும்பியது. வலது பக்கம் கிலுக்கினாள். திரும்பியது. என் மாமியார் எதிரே நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் நல்லாக் கேக்கு மதினி" என்று சொல்லி அம்மா பிள்ளையை அவளிடம் நீட்டினாள்.

பிள்ளையை வாங்கும்போதே என் மாமியார் அழுதுவிட்டாள். ஒருத்தி, "என்ன ஆச்சு, ஏன் அழுதீங்க?" என்று கேட்டாள். என் மாமியார் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "இவ அம்மை அன்னைக்கு ஊறுகாய் கொண்டாந்தா. வயித்துப்பிள்ளக்காரி கையை நீட்டிட்டு நின்னா. நான்தான் மாட்டுத் தொட்டியில கொட்டினேன். கொண்டாரலன்னு ஒங்ககிட்டல்லாம் நான் சொன்னது பொய்யி."

நான் இத்தனை வருஷமாக எதிர்பார்த்த பேச்சு, ஒரு வார்த்தை குறையாமல், எந்தப் பெண்டுகள் கேட்க வேண்டுமோ அவர்கள் கேட்க வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்துப் போதும் என்று தலையசைத்தாள். வீட்டுக்காரர் நடையில் நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

என் மகன் என் பக்கத்தில் கிலுகிலுப்பையைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். அவனுடைய ஆச்சி, என் மாமியார், நின்றது அவனுக்கு இடது பக்கம். அவள் அழுவது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் சேலையை இழுத்து, "ஆச்சி என்னம்மா சொல்லுதா?" என்று கேட்டான்.

நான் அவன் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி, வலது காது அவள் பக்கம் வருகிற மாதிரி நிறுத்தினேன்.

"அத்தை, பிள்ளைக்குக் கேக்கலையாம். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். சத்தமாகவே சொன்னாள்.